புஃபோ என்பவர் பபூன் அல்ல

இத்தாலிய இசை நாடகமான ஓபராவின் நிகழ்ச்சித் தாளில் பாத்திரப் பெயருக்கு எதிரே, பாடகரின் குரல் வகையைக் குறிக்கும் இடத்தில், சில சமயம் 'பாஸோ புஃபோ' என்று போட்டிருக்கும். தமிழில் எழுதுபவர்கள் அதை 'நகைச்சுவை நடிகர்' என்று மாற்றிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். பாதி விஷயம் அங்கேயே உதிர்ந்துவிடுகிறது. புஃபோ என்பது ஒரு குரல், ஒரு வகைப் பாத்திரம், ஒரு பாடும் முறை, மூன்றும் சேர்ந்தது. மூன்றில் கடினமானது கடைசி. தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோலைக் கேட்டு வளர்ந்த காவிரிக்கரைக் காதுக்கு எளிதில் பிடிபடக்கூடியதும் அதுதான்.

முதலில் சொல். பாஸோ என்றால் கீழ்க்குரல், புஃபோ என்றால் சிரிப்புக்குரிய. இத்தாலியத்தில் பெயரடை, தான் சார்ந்த பெயரின் பாலையும் எண்ணையும் ஏற்கும். 'ஓபரா' பெண்பால் என்பதால் ஓபரா புஃபா. 'பாஸோ' ஆண்பால் என்பதால் பாஸோ புஃபோ. பலர் என்றால் பாஸி புஃபி. 'ஓபரா புஃபோ' என்று எழுதினால் அது பிழை. பெயரடை தனித்து நின்று ஆளையும் குறிக்கும்: குழுவின் தலைமைச் சிரிப்புக் குரலுக்குப் 'ப்ரீமோ புஃபோ' என்று பெயர்.

இந்தச் சொல்லின் உறவுக்காரர் நம்மூர் மேடையில் ஏற்கெனவே இருக்கிறார். ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட், ஸ்த்ரீபார்ட் வரிசையில் நிற்கும் 'பபூன்', இத்தாலியத்து 'புஃபோனே' பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து நம் நாடகக் கொட்டகைக்கு வந்த சொல்தான். பார்ட் பிரித்து ஆள் எடுக்கும் ஏற்பாடும் ஒன்றுபோலவே இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டு இத்தாலியக் குழுக்களில் 'பார்த்தி ஸேரியே' என்ற கம்பீரப் பாத்திரங்கள், 'பார்த்தி புஃபே' என்ற சிரிப்புப் பாத்திரங்கள், இரண்டுக்கும் நடுவே 'மெத்ஸோ காராத்தெரே' என்று மூன்று பிரிவு. வள்ளி திருமணத்துக்கு நடிகர்களைத் தனித்தனியாகப் பேசி முடிக்கும் விழாக் கமிட்டிக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

ஆனால் ஒற்றுமை அதோடு சரி. பபூன் கதை தொடங்கும் முன்பே வந்து, ஆர்மோனியக்காரரை வம்புக்கிழுத்து, அந்த ஊர்ப் பேச்சை அந்த இடத்திலேயே சேர்த்துக்கொண்டு சிரிக்க வைப்பார். மேலட்டூர் பாகவத மேளாவின் கோணங்கியும் கதைக்கு வெளியே இருப்பவர். உயரக் குல்லாவோடு முதலில் ஆடி வந்து சபையை அமர்த்திவிட்டுப் போய்விடுவார். கட்டியக்காரன் கதைக்கும் சபைக்கும் நடுவில் நிற்பவன். இத்தாலியப் புஃபோவோ கதைக்கு உள்ளேயே மாட்டிக்கொண்டவர். தன்னைப் பார்த்து யாரும் சிரிக்கிறார்கள் என்பதே அவருக்குத் தெரியாது. அவர் பாட்டில் ஒவ்வொரு அசைக்கும் ஸ்வரமும் கால அளவும் எழுதி வைக்கப்பட்டிருக்கும். சொந்தச் சரக்குச் சேர்க்க இடம் உண்டென்றால் அது 'ரெசிததீவோ ஸெக்கோ' எனப்படும் பேச்சுநடைப் பகுதியில்தான். அங்கே ஹார்ப்ஸிகார்டு என்ற பழைய விசைப்பலகை வாத்தியமும் ஒரு செல்லோவும் மட்டும் துணைக்கு இருக்கும்.

கீழ்க்குரலுக்கு இந்த வேலை எப்படி வந்தது? 'ஓபரா ஸேரியா' எனப்பட்ட கம்பீர ஓபராவில் நாயகர்களுக்கே உச்சக் குரல்தான். சிறுவயதிலேயே விதைநீக்கம் செய்யப்பட்டு உச்சக் குரல் மாறாமல் வளர்ந்த காஸ்த்ராத்தோ பாடகர்கள் கோலோச்சிய காலம். கீழ்க்குரல்காரருக்கு ஏதோ ஒரு கிழ அரசன், ஒரு பூசாரி என்று ஓரமாய் ஒரு வேஷம் கிடைக்கும். அந்தக் கம்பீர ஓபராவின் அங்கங்களுக்கு இடையே போடப்பட்ட குட்டிச் சிரிப்பு நாடகமான 'இன்தெர்மெத்ஸோ'வில்தான் அவர் நடுமேடைக்கு வந்தார். 1733இல் நேப்பிள்ஸில் பெர்கொலேஸியின் 'லா ஸெர்வா பத்ரோனா' அப்படித்தான் அரங்கேறியது. மொத்தம் மூன்றே பாத்திரங்கள். கிழ எஜமான் உபெர்த்தோ பாஸ், வேலைக்காரி ஸெர்பீனா ஸொப்ரானோ என்ற பெண் உச்சக் குரல், மூன்றாமவன் வாயே திறக்க மாட்டான். உபெர்த்தோ காலைச் சாக்லேட் பானம் இன்னும் வரவில்லை என்று மூக்கால் அழுவதில் தொடங்கி, வேலைக்காரியையே மணந்துகொள்வதில் முடிகிறது கதை. இதே நாடகம் 1752இல் பாரிஸில் போடப்பட்டபோது, பிரெஞ்சு இசை உயர்ந்ததா, இத்தாலிய இசை உயர்ந்ததா என்று துண்டறிக்கைச் சண்டையே மூண்டது. அதற்குப் பெயரே 'புஃபோன்களின் சண்டை'.

கீழ்க்குரல் இந்த வேலைக்குப் பொருந்தியதற்குச் செவி சார்ந்த காரணமும் உண்டு. ஆண் பேசும் சுருதிக்கு அருகிலேயே அது இருப்பதால் சொல் உடையாமல் காதில் விழும். ஸொப்ரானோ உச்சியில் போகும்போது உயிரெழுத்துகள் எல்லாம் ஒன்றுபோல ஆகிவிடும். சொல்லே நகைச்சுவையாக இருக்கும் பாட்டை அந்த உயரத்தில் வைக்க முடியாது.

சுருதியை நம் கணக்கில் சொல்கிறேன். ஒரு கட்டையில் பாடும் ஆண் பாடகரை வைத்துக்கொண்டால், புஃபோ பாட்டின் பெரும்பகுதி மந்திர பஞ்சமத்துக்கும் தார காந்தாரத்துக்கும் இடையே ஓடும். அதற்குக் கீழே ஆழமாகப் போவது வேறு வகை. அதற்குப் 'பாஸோ ப்ரொஃபோந்தோ' என்று பெயர். இரண்டையும் குழப்புபவர்கள் நிறையப் பேர். மோட்ஸார்ட்டின் 1782ஆம் ஆண்டு ஜெர்மன் நாடகத்தில் வரும் ஒஸ்மின் என்ற காவல்காரன் சிரிப்புப் பாத்திரம்தான், ஆனால் மந்திர ரிஷபம் வரை இறங்க வேண்டும். எல்லாப் புஃபோவாலும் அதைத் தொட முடியாது.

இந்த வகையின் பெரிய பாத்திரங்கள் ஏறக்குறைய நூறு ஆண்டுக்குள் அடங்கிவிடுகின்றன. மோட்ஸார்ட்டின் 'ஃபிகாரோவின் திருமணம்' 1786, அதில் டாக்டர் பார்த்தோலோ. 'தோன் ஜொவான்னி' 1787, அதில் வேலைக்காரன் லெப்போரெல்லோ. ரொஸ்ஸீனியின் 'அல்ஜீர்ஸில் இத்தாலியப் பெண்' 1813, அதில் முஸ்தஃபா. 'செவில்ல நாவிதன்' 1816, அதில் அதே பார்த்தோலோ மறுபடி. 'லா சேனேரேந்தோலா' 1817, அதில் தோன் மாஞ்ஞீஃபிகோ. தொனித்ஸெத்தியின் 'காதல் மருந்து' 1832, அதில் துல்காமாரா. 'தோன் பஸ்க்வாலே' 1843, அதில் பஸ்க்வாலே. ரொஸ்ஸீனியின் ஓபராக்கள் எல்லாமே 1810க்கும் 1829க்கும் இடையில் மேடையேறியவை. தஞ்சையில் இரண்டாம் சரபோஜி ஆண்ட 1798 முதல் 1832 வரையிலான காலத்துக்குள் அவை முழுவதும் அடக்கம். அவர் அரண்மனையில் மேல்நாட்டு வாத்தியக் குழு வாசித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகள்.

பாத்திரங்களை வரிசையாகப் பார்த்தால் ஒரே குடும்பம் என்று தெரியும். பணமுள்ள கிழவர், மெத்தப் படித்ததாக நினைக்கும் டாக்டர், வயதுக்குப் பொருந்தாத கல்யாண ஆசை. முகமூடி நாடகமான கொம்மேதியா தெல்லார்த்தேயின் பந்தலோனே, தொத்தோரே என்ற இரண்டு வேஷங்களின் வாரிசுகள் இவர்கள். துல்காமாரா மட்டும் கொஞ்சம் வேறு ரகம். மலிவான போர்தோ ஒயினைக் காதல் மருந்து என்று கிராமத்தில் விற்பவன். தேர்த்திருவிழாக் கடைத்தெருவில் பாம்பைக் கூடைக்குள் வைத்துக்கொண்டு, கூட்டம் சேரும்வரை மூச்சுவிடாமல் பேசும் லேகியக்காரரை நினைத்துக்கொண்டால் அவன் நுழைவுப் பாட்டு முழுவதும் விளங்கிவிடும்.

இந்தப் பாத்திரங்களுக்குள்ளும் ஒரு பிரிவு உண்டு. 'புஃபோ காரிகாத்தோ' என்றால் மிகைப்படுத்திய வகை. பார்த்தோலோவும் மாஞ்ஞீஃபிகோவும் அதில் சேர்வார்கள். 'புஃபோ கந்தாந்தே' என்றால் பாட்டுச் சுகம் கூடிய வகை. லெப்போரெல்லோவை எந்தப் பக்கம் சேர்ப்பது என்பது அரங்குக்கு அரங்கு மாறும். இதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

தெரிந்துகொள்ள வேண்டியது 'ஸில்லபாத்தோ'. ஓர் அசைக்கு ஒரு ஸ்வரம் என்று வைத்து, மூச்சுமுட்டும் வேகத்தில் சொற்களைக் கொட்டும் முறை. நிமிடத்துக்கு 120 அடி, அடிக்கு நான்கு அசை என்றால் நொடிக்கு எட்டு அசை. கொன்னக்கோலில் மூன்றாம் காலம் சொல்பவருக்கு இது பெரிய வேகமில்லை. ஆனால் கொன்னக்கோல் சொற்கள் நாக்குக்காகவே செதுக்கப்பட்டவை. தகதிமியில் நாக்கின் நுனியும் அடியும் மாறி மாறி வேலை செய்வதால் களைப்பு தெரியாது. ஓபராவில் வருவதோ சாதாரண மொழி, நாக்குக்கு எந்தச் சலுகையும் தராத மொழி.

அதனால் கவிஞர்கள் யாப்பிலேயே உதவி செய்தார்கள். 'ஃபிகாரோவின் திருமண'த்தில் பார்த்தோலோ பாடும் 'லா வெந்தெத்தா' (பழிவாங்கல்) பாட்டில் வேகம் பிடிக்கும் இடத்துக்கு லோரென்ஸோ தா போந்தே எழுதிய வரிகளைப் பாருங்கள்:

ஸே துத்தோஇல் கோதிசே
தோவெஸ்ஸி வோல்ஜெரே,
ஸே துத்தோ லின்திசே
தோவெஸ்ஸி லெஜ்ஜெரே

சட்டப் புத்தகம் முழுவதையும் புரட்ட வேண்டி வந்தாலும், அதன் அட்டவணை முழுவதையும் படிக்க வேண்டி வந்தாலும் என்று பொருள். வரிக்கு ஆறு அசை. ஒவ்வொரு வரியும் மூன்றசைச் சீரில் முடிகிறது, அழுத்தம் அதன் முதல் அசையில்: கோ-தி-சே, வோல்-ஜெ-ரே, லின்-தி-சே, லெஜ்-ஜெ-ரே. நாலும் தகிட. கூடவே இயைபும் இருக்கிறது. கடைசி இரண்டு அசைகளும் அழுத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போவதால் இத்தாலியர் இந்த அடிக்கு 'வழுக்கல்' என்ற பொருளில் 'ஸ்த்ரூச்சோலோ' என்று பேர் வைத்தார்கள். சிரிப்புப் பாட்டுக்கு இது வாகான யாப்பு. தாளம் போட்டுக்கொண்டு நான்கு வரிகளையும் மூன்று நொடிக்குள் சொல்லிப் பாருங்கள், ஏன் என்று நாக்கே சொல்லும்.

பயிற்சி எடுக்க நினைக்கும் வாய்ப்பாட்டு மாணவர்களுக்கு ஒரு வழிமுறை. ராகத்தை முற்றிலும் மறந்துவிட்டு, கையில் தாளம் போட்டபடி வெறும் சொல்லாகத் தொடங்க வேண்டும். நிமிடத்துக்கு 60 அடி போதும். தாடையை அசைக்காமல் நாக்கின் நுனியையும் உதட்டையும் மட்டும் வேலை வாங்க வேண்டும். மோவாயில் ஒரு விரலை வைத்துக்கொண்டால் தாடை ஆடுவது உடனே தெரியும். ஓர் எழுத்துகூட மழுங்காமல் ஐந்து முறை வந்த பிறகு வேகத்தை நான்கு அடி கூட்டலாம். 120ஐ எட்டியதும் மத்திம ஸட்ஜத்தில் ஒரே ஸ்வரமாக நிறுத்திச் சொல்ல வேண்டும். மெட்டு அதற்குப் பிறகுதான். மெட்டோடு தொடங்கியவர்கள் பெரும்பாலும் மெட்டைக் காப்பாற்றுவார்கள், சொல்லை விட்டுவிடுவார்கள்.

மூச்சு எடுக்கும் இடங்களைப் பென்சிலால் குறித்துவிட வேண்டும். இங்கே நிறையப் பேர் தலைகீழாக நினைக்கிறார்கள். நீண்ட ஓட்டம் வருகிறதே என்று நெஞ்சு நிறையக் காற்றை இழுத்தால், அந்தக் காற்றின் அழுத்தமே குரல்வளையை இறுக்கிச் சொற்களைத் தடுமாற வைக்கும். ஸில்லபாத்தோவுக்குச் செலவாகும் காற்று குறைவு. வாய்வழியாகச் சின்னச் சின்ன மூச்சு, நிறைய இடங்களில் எடுத்தால் போதும். ஒலியளவும் நடுத்தரத்துக்குக் கீழேதான் இருக்க வேண்டும். குரலைப் பெரிதாக்கினால் உயிரெழுத்து நீளும், நீண்ட உயிர் அடுத்த மெய்யை விழுங்கும், காலப்பிரமாணம் பின்னால் இழுக்கும். 'குரல் நன்றாக இருக்கிறது, பாட்டு மட்டும் நகரவே இல்லை' என்று தோன்றினால் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

தமிழ் நாக்குக்குச் சில வரவுகள், சில செலவுகள். இரட்டை மெய் நமக்கு இயல்பு. புளியும் புள்ளியும் வேறு என்று நம் குழந்தைக்கும் தெரியும். இத்தாலியத்தில் நோனோ என்றால் ஒன்பதாவது, நொன்னோ என்றால் தாத்தா. ஆங்கிலம் பேசுபவர்கள் திணறும் இந்த இடத்தில் நாம் தாண்டிவிடுவோம். இத்தாலிய 'த'வும் நம் பல்லெழுத்து 'த'வேதான். அதை 'ட' ஆக்கி 'வெண்டெட்டா' என்று பாடினால் கதை கெட்டது. ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்துப் படிப்பதால் வரும் வினை இது.

செலவுப் பக்கத்தில் முதலில் நிற்பது, எகரத்தில் தொடங்கும் சொல்லை 'யெ' என்றும் ஒகரத்தில் தொடங்குவதை 'வொ' என்றும் நாம் தொடங்குவது. எக்கோ என்பது யெக்கோ ஆகிவிடும். வேகத்தில் இந்த யகரம் ஓர் உபரி அசைபோல உட்கார்ந்துகொண்டு கணக்கைக் கெடுக்கும். இரண்டாவது, சொல்லின் ஈற்று உயிரைக் குற்றியலுகரம்போலக் குறுக்கிவிடும் பழக்கம். இத்தாலியத்தில் அநேகமாக எல்லாச் சொல்லும் உயிரில்தான் முடியும், ஆண்பாலா பெண்பாலா, ஒருமையா பன்மையா என்பதும் அந்த உயிரில்தான் இருக்கிறது. மூன்றாவது, சொல்லழுத்தம். தமிழில் ஓர் அசையைக் குத்திச் சொல்லும் வழக்கம் குறைவு, அதனால் எல்லா அசையும் சமமாக வந்து விழும். கொன்னக்கோல் பயின்றவர்களுக்கு இதில் கூடுதல் ஆபத்து: அவர்கள் அழுத்தத்தைத் தாளத்தின் அடியில் வைப்பார்கள், சொல்லின் அசையில் அல்ல. நல்ல இசையமைப்பில் இரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே விழும், ஆனாலும் விலகும் இடங்களில்தான் பாடகர் யார் என்று தெரியும்.

ரொஸ்ஸீனியிடம் இன்னொரு பொறி இருக்கிறது. ஒரே சொற்கட்டு திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொரு சுற்றுக்கும் வாத்தியங்கள் கூடும், ஒலி பெருகும். 'செவில்ல நாவித'னில் தோன் பாஸீலியோ பாடும் 'லா கலூன்னியா'வில் அவதூறு என்பது இளங்காற்றாகத் தொடங்கிப் பீரங்கி வெடியாக முடிவது இந்த முறையில்தான். ஒலி கூடும்போது வேகத்தையும் கூட்டத் தோன்றும். கூட்டக் கூடாது. காலப்பிரமாணம் அசையாமல் நின்றால்தான் பெருகும் ஒலி மிரட்டும்; வேகமும் ஓடிவிட்டால் கடைசிச் சுற்றில் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஆளுக்கொரு பக்கம் நிற்பார்கள்.

பல இடங்களில் மெட்டு பாடகரிடம் இருக்காது. வயலின்கள் மெட்டை வாசிக்க, புஃபோ ஒரே ஸ்வரத்தில் நின்று பேசிக்கொண்டே போவார். புதிதாகக் கேட்பவர்கள் 'இது என்ன பாட்டு, ஒரே ஸ்வரமாக இருக்கிறதே' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். காதை இரண்டாகப் பிரித்து, மெட்டுக்கு வயலினையும் சொல்லுக்குக் குரலையும் கேட்க வேண்டும்.

நடிப்பைப் பற்றி ஒன்று மட்டும். மூக்கால் பேசுவது, கிழவன் குரல் வைப்பது, கண்ணை உருட்டுவது எல்லாம் மட்டமான புஃபோவின் அடையாளங்கள் என்பது என் கருத்து. 'லா வெந்தெத்தா'வின் பார்த்தோலோ உண்மையாகவே பழிவாங்கத் துடிக்கிறார். அவருக்கு அது மானப் பிரச்சினை. அந்தத் தீவிரம் குறைந்தால் சிரிப்பும் குறையும்.

பெயர்க் குழப்பங்களில் இரண்டைத் தீர்த்துவிடலாம். ஓபரா புஃபா வேறு, பாரிஸில் ஒஃபன்பாக் வளர்த்த ஓபெரா பூஃப் வேறு. பின்னது 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியைச் சேர்ந்தது, இடையிடையே பேச்சு வசனம் கொண்டது. இத்தாலிய வகையில் வசனத்துக்குப் பதில் ரெசிததீவோ. அடுத்தது, பழைய அச்சுப் பிரதிகளின் முகப்பில் 'ஓபரா புஃபா' என்ற பெயரைத் தேடினால் பல நேரம் கிடைக்காது. தோன் ஜொவான்னியின் பாட்டுப் புத்தகத்தில் 'த்ராம்மா ஜொகோஸோ' என்று இருக்கிறது, மோட்ஸார்ட் தன் சொந்தப் பட்டியலில் அதையே ஓபரா புஃபா என்று எழுதிவைத்தார். 'காதல் மருந்து'க்கு 'மெலொத்ராம்மா ஜொகோஸோ'. இவை முத்திரைகள், சட்டங்கள் அல்ல.

கேட்கத் தொடங்குபவர்கள் 'லா வெந்தெத்தா'வில் தொடங்கலாம். சின்னப் பாட்டு, வேகப்பகுதி தெளிவாகப் பிரிந்து நிற்கும். அடுத்து லெப்போரெல்லோவின் பட்டியல் பாட்டு. எஜமானின் காதலிகளை ஊர்வாரியாக எண்ணிச் சொல்கிறான்: இத்தாலியில் 640, ஜெர்மனியில் 231, பிரான்சில் 100, துருக்கியில் 91, ஸ்பெயினில் 1003. எண்ணிக்கை முதலில் வேகமாக வந்துவிடும், அப்புறம் காலம் தணிந்து, எந்த மாதிரிப் பெண்ணிடம் எஜமான் எப்படிப் பேசுவார் என்ற விவரம் வரும். மூன்றாவதாக 'செவில்ல நாவித'னில் பார்த்தோலோவின் 'ஆ உன் தொத்தோர்'. இது அவ்வளவு கடினம் என்பதால், பியேத்ரோ ரொமானி என்பவர் எழுதிய எளிதான மாற்றுப் பாட்டை நெடுங்காலம் இதன் இடத்தில் பாடிவந்தார்கள். பழைய ஒலிப்பதிவில் வேறு பாட்டு வந்தால் குழம்ப வேண்டாம்.

கடைசியாக தோன் பஸ்க்வாலேயில் பஸ்க்வாலேயும் டாக்டர் மாலதெஸ்தாவும் பாடும் 'கேத்தி, கேத்தி'. முதல் அரங்கேற்றத்தில் இதைப் பாடியவர்கள் லுயீஜி லப்ளாஷும் அந்தோனியோ தம்புரீனியும். முதலில் கிழவர் ஒரு சுற்று, பிறகு டாக்டர் ஒரு சுற்று, முடிவில் இருவரும் ஒன்றாக. கைதட்டல் பலமாக இருந்தால் அந்தக் கடைசிப் பகுதியை இன்னொரு முறை பாடுவது வழக்கம். ஒலிப்பதிவைத் தேர்ந்தெடுக்க இந்த இடமே உரைகல்: இரு குரலும் சேர்ந்து ஓடும்போது கீழ்க்குரலின் சொற்கள் தனியாகக் காதில் விழுகின்றனவா என்று பாருங்கள். வெறும் முணுமுணுப்பாகக் கேட்டால் வேறு பதிவுக்குப் போய்விடலாம்.